டிரோன் பறக்கும்போது போலீஸ் வந்தால்: பறக்கவிடுகிறவர் தெரிந்திருக்க வேண்டியவை

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் முன்பெல்லாம் வீடியோக்காரர் கேமராவைத் தோளில் சுமந்துகொண்டு, தேருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து போவார். இன்று அந்த வேலையை ஓர் இளைஞர் கோயில் திடலின் ஓரத்தில் நின்றபடியே செய்து முடித்துவிடுகிறார். தேர், கூட்டம், செம்பனை மரங்கள், லயத்துக் கூரைகள் எல்லாம் ஒரே காட்சியில் வந்துவிடுகின்றன. டிரோன் நம் பிள்ளைகளுக்கு விளையாட்டாகத் தொடங்கி, பலருக்குக் கைச்செலவுக்கு உதவும் தொழிலாகவும் ஆகிவிட்டது. ஒரு கல்யாணம், ஒரு பள்ளி விளையாட்டுப் போட்டி, ஒரு கும்பாபிஷேகம் என்று அழைப்பு வருகிறது. கருவியைத் தவணையில் வாங்கியவர்களும் உண்டு.

இப்படிப் பறந்துகொண்டிருக்கும்போது ரோந்துக் கார் ஒன்று வந்து நிற்கிறது. "அடா பெர்மிட்?" என்று ஒரு கேள்வி. பையன் விழிக்கிறான். சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு சட்டம் பேசுகிறார்கள். யாரோ ஒருவர் குரலை உயர்த்துகிறார். பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய விஷயம் பாலாய்க்குப் போய்விடுகிறது.

இந்த மோதல்களில் இரு பக்கமும் தடுமாற்றம் உண்டு. பறக்கவிடுகிறவருக்கு விதி முழுதாகத் தெரிவதில்லை. வரும் போலீஸ்காரரும் விமானப் போக்குவரத்து அதிகாரி அல்லர். மேலே பறப்பது அனுமதியோடு பறக்கிறதா, இல்லையா என்பதை அவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. ஆகவே கையில் என்ன தாள் இருக்கிறது, முதல் ஐந்து நிமிடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

வானம் யாருடையது?

மலேசியாவில் வான்வெளிக்குப் பொறுப்பு சிஏஏஎம் எனப்படும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். பழைய விமானப் போக்குவரத்து இலாகாவின் இடத்தில், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்து, 2018 பிப்ரவரியில் இது இயங்கத் தொடங்கியது. டிரோனுக்கான விதிகள் அதற்கும் முன்பே, 2016ஆம் ஆண்டின் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை விதிகளில், ஆளில்லா வானூர்திகளுக்கென்று ஒதுக்கிய தனிப் பகுதியில் சேர்க்கப்பட்டுவிட்டன.

அந்த விதிகளின் அடிப்படை இதுதான். ஏ, பி, சி, ஜி என்று வகைப்படுத்தப்பட்ட வான்வெளிகளிலும், விமானத் தளத்தைச் சுற்றியுள்ள போக்குவரத்து மண்டலத்திலும், தரையிலிருந்து 400 அடிக்கு மேலும் டிரோன் பறக்க வேண்டுமானால் ஆணையத்தின் அனுமதி வேண்டும். 400 அடி என்றால் ஏறக்குறைய 120 மீட்டர். பலர் இந்த 400 அடியை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். "நான் 100 மீட்டருக்கு மேல் ஏற்றவில்லை, எனக்கு எதற்கு பெர்மிட்?" என்கிறார்கள். உயரம் மூன்று நிபந்தனைகளில் ஒன்றுதான். தலைக்கு மேலே இருப்பது எந்த வகை வான்வெளி என்பதற்கு வானத்தில் கோடு போட்டு வைத்திருக்கவில்லை. ஜி என்பது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு இல்லாத வான்வெளி. அதையும் விதி விட்டுவைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எனவே "இங்கே விமானமே வராது, வெறும் தோட்டம்தானே" என்ற நியாயம் செல்லாது. இடத்தைக் குறிப்பிட்டு ஆணையத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்வதே வழி.

கேமரா பொருத்திய டிரோனுக்கு இன்னும் சில தூரக் கணக்குகள் உண்டு. இவைதான் நம்மவர்களை அதிகம் தொடுகின்றன. அனுமதி இல்லாமல், குடியிருப்பு, வணிகம், தொழிற்சாலை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்குப் பயன்படும் பகுதியின் மேலேயோ அதிலிருந்து 150 மீட்டருக்குள்ளோ பறக்கக் கூடாது. 1,000 பேருக்கு மேல் கூடும் திறந்தவெளி நிகழ்ச்சிக்கும் அதே 150 மீட்டர். நம் கட்டுப்பாட்டில் இல்லாத வாகனம், படகு, கட்டடம், ஆள் ஆகியவற்றுக்கு 50 மீட்டர் இடைவெளி வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் மற்றவர்களிடமிருந்து 30 மீட்டர். இவற்றோடு, டிரோன் எப்போதும் பறக்கவிடுகிறவரின் வெறுங்கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். திரையில் தெரிகிறது என்பது போதாது.

இந்தக் கணக்கை ஒரு தாமானில் வைத்துப் பாருங்கள். வரிசை வீடுகள் உள்ள எந்தத் தாமானிலும் வீட்டு வாசலிலிருந்து கேமரா டிரோனை ஏற்றினாலே விதியை மீறியதாகிவிடும். நல்ல எண்ணத்தோடு புதுமனை புகுவிழாவைப் படம் பிடிப்பவருக்கும் இதே விதிதான். அனுமதி இல்லாமல் பறந்தால் தனிநபருக்கு 50,000 ரிங்கிட் வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனம் என்றால் அபராதம் 100,000 ரிங்கிட் வரை போகும். எல்லா வழக்கும் அந்த எல்லைக்குப் போவதில்லை. ஆனாலும் அரசாங்க வேலைக்கு மனுச் செய்யப்போகும் பிள்ளைக்குக் குற்றப் பதிவு ஒன்று விழுந்தாலே போதும், அபராதத்தை விடப் பெரிய நட்டம் அது.

கடைக்காரர் சொன்னது

"249 கிராம்தான், இதற்கு ஒன்றும் தேவையில்லை." சிறிய டிரோன் வாங்கும்போது இந்த வார்த்தையைக் கேட்காதவர் குறைவு. 250 கிராம் என்ற எல்லை வெளிநாடுகளில் உண்மையில் இருக்கிறது, சிங்கப்பூரிலும் இருக்கிறது. அங்கே அது பதிவு செய்வதற்கான எல்லை. அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கம்பெனிகளும் 249 கிராமில் கருவி செய்து விற்கின்றன. நம் நாட்டு 2016 விதிகள் 20 கிலோ என்ற மேல் எல்லையைத்தான் பேசுகின்றன. அதற்கு மேற்பட்ட எடைக்குத் தனி அனுமதி. 20 கிலோவும் அதற்குக் குறைவானதும் சிறிய வானூர்தி. 250 கிராமுக்குக் கீழே எல்லாம் சுதந்திரம் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

டிரோன் ரேடியோ அலையில் இயங்கும் கருவி என்பதால் சிரிம் முத்திரையும் அவசியம். இணையத்தில் மலிவாக வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கருவியில் அது இல்லாமல் போகலாம். நில அளவைக்கும் வரைபடத்துக்கும் மேலிருந்து படம் எடுப்பவர்கள் ஜூபெம் எனப்படும் நில அளவை, வரைபட இலாகாவின் அனுமதியையும் பெற வேண்டும். தோட்டத்தில் மருந்து தெளிக்கும் பெரிய டிரோன்களின் கதை வேறு. அவற்றுக்கு விவசாய டிரோன் என்ற தனி நடைமுறையை ஆணையம் வைத்திருக்கிறது. இயக்குபவர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி மையத்தில் படித்துத் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். விளையாட்டு டிரோன் ஓட்டத் தெரிந்தவன் என்பதற்காக மண்டோர் ஒருவர் நம் பையனிடம் மருந்து டிரோனைக் கொடுத்து "ஓட்டுடா" என்றால், அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

சிவப்புப் பலகை

சில இடங்களில் விமான விதியைத் தாண்டிய சட்டம் நிற்கிறது. ராணுவ முகாம், சில அணைக்கட்டுகள், மின் நிலையங்கள், முக்கிய அரசாங்கக் கட்டடங்கள் ஆகியவற்றின் வேலியில் சிவப்புப் பலகை தொங்குவதைப் பார்த்திருப்போம். துப்பாக்கி நீட்டும் காவலர், கைகளை உயர்த்தி நிற்கும் ஒருவர். பல இடங்களில் அதில் தமிழும் எழுதியிருக்கும். 1959ஆம் ஆண்டின் தடைசெய்யப்பட்ட பகுதிகள், தடைசெய்யப்பட்ட இடங்கள் சட்டத்தின் கீழ் வைக்கப்படும் பலகை அது. அங்கே போலீஸ் வந்தால் அது டிரோன் விஷயமாக மட்டும் நிற்காது. எதற்காகப் படம் எடுத்தாய், யாருக்காக எடுத்தாய் என்று விசாரணை வேறு பக்கம் திரும்பும். 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டமும் இப்படிப்பட்ட இடங்களைப் படம் எடுப்பதைப் பற்றிப் பேசுகிறது.

நம்மவர்கள் வாழும் ஊர்கள் பலவற்றில் இந்த ஆபத்து பக்கத்திலேயே இருக்கிறது. பட்டர்வொர்த்தில் விமானப்படைத் தளம். குளுவாங்கில் தரைப்படையின் ஹெலிகாப்டர் தளம். கேஎல்ஐஏ விமான நிலையமோ செம்பனைக் காடுகளுக்கு நடுவேதான் இருக்கிறது. ஈப்போ விமான நிலையம் ஊரை ஒட்டியே உள்ளது. பத்து மரத்துக்கு அப்பால் ஓடுபாதை இருக்கிறது என்று தெரியாமலே ஒருவர் திடலில் நின்று டிரோனை ஏற்றிவிடலாம்.

திருவிழாவும் கோயில் நிர்வாகமும்

பத்துமலை, பினாங்கு தண்ணீர்மலை, ஈப்போ கல்லுமலை ஆகிய இடங்களின் தைப்பூசக் கூட்டத்தை 1,000 பேர் என்ற எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. தோட்டத்துத் திருவிழாவும் தேர் புறப்படும் நேரத்தில் அந்த எண்ணிக்கையைத் தொட்டுவிடும். காவடி எடுப்பவர், பால்குடம் தூக்கிய பெண்கள், தோளில் குழந்தையை வைத்திருக்கும் தகப்பன் என்று நிற்கும் கூட்டத்தின் மேல் பேட்டரி தீர்ந்த டிரோன் ஒன்று விழுந்தால் என்ன ஆகும்? போலீஸ் கவலைப்படுவதும் அதற்காகத்தான். இந்த இடத்தில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்குக் குறையாகப் படுவது வேறு. கோயில் நிர்வாகம் ஒரு பையனைக் கூப்பிட்டு, சில நூறு வெள்ளி பேசி, "மேலிருந்து நல்லா எடுத்துக் குடு தம்பி" என்கிறது. ஊர்வலத்துக்கு போலீஸ் பெர்மிட், ஒலிபெருக்கிக்கு அனுமதி, சாலையை மூடுவதற்குக் கடிதம் எல்லாவற்றையும் நிர்வாகமே எடுக்கிறது. டிரோன் மட்டும் பையனின் தலையில். ரோந்துக் கார் வந்து நிற்கும்போது தலைவரும் செயலாளரும் அன்னதானப் பந்தலில் இருக்கிறார்கள். அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்பது பத்தொன்பது வயதுப் பிள்ளை. கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்யும் மண்டபங்களும் இதே மாதிரிதான். படம் வேண்டும் என்கிறவர்கள்தாம் அனுமதிக்கும் முன்நிற்க வேண்டும். விண்ணப்பம் எளிதான காரியமும் அல்ல. இடம், நாள், நேரம், உயரம், கருவியின் விவரம், நில உரிமையாளரின் சம்மதம் என்று கேட்பார்கள். முதல் வாரத்தில் கொடுத்து அடுத்த வாரத்தில் வாங்கிவிடலாம் என்று நினைக்கக் கூடாது. திருவிழா நாளைக் குறித்தவுடனே தொடங்குவது நல்லது. மலாயிலோ ஆங்கிலத்திலோ பாரம் நிரப்பத் தடுமாறும் பிள்ளைக்கு நிர்வாகத்தில் உள்ள ஓர் ஆசிரியரோ குமாஸ்தாவோ கைகொடுத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஊர்வல பெர்மிட் கொடுத்த பாலாய்க்கே டிரோன் அனுமதியின் நகல் ஒன்றையும் முன்கூட்டியே கொடுத்து வைக்கலாம். அன்றைக்கு ரோந்து வருகிறவருக்கு மேலிடத்திலிருந்தே தகவல் போயிருக்கும்.

கார் வந்து நின்றதும்

போலீஸ் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றுவதில்லை. டிரோனைப் பார்த்துப் பயந்தோ எரிச்சல்பட்டோ யாராவது தொலைபேசியில் அழைத்திருப்பார்கள். அழைத்தவர் என்ன சொன்னார் என்று நமக்குத் தெரியாது. "வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கிறது" என்று சொல்லியிருக்கலாம். அதனால் போலீஸ்காரர் கொஞ்சம் விறைப்பாகவே வரலாம்.

முதல் வேலை, டிரோனைப் பத்திரமாக இறக்குவது. பேசிக்கொண்டே பறக்கவிடக் கூடாது. "இறக்குகிறேன் துவான், ஒரு நிமிடம்" என்று சொல்லிவிட்டு, ஆள் இல்லாத பக்கம் இறக்கி, விசிறிகள் நின்ற பிறகு பேச வேண்டும். சில போலீஸ்காரர்கள் பதற்றத்தில் கருவியைக் கையிலிருந்து பிடுங்கப் பார்ப்பார்கள். அப்போது மேலே டிரோன் என்ன செய்யும் என்று அமைதியாகச் சொன்னால் புரிந்துகொள்வார்கள். கட்டுப்பாடு இல்லாமல் விழக்கூடிய பொருள் அது என்பது அவருக்கும் பயம்தான்.

அடுத்து அடையாள அட்டை. அதைக் கேட்டால் காட்ட வேண்டும். பெயரும் முகவரியும் சொல்ல வேண்டும். மறுத்தால் சின்ன விஷயம்கூடக் கைதுக்குப் போகும். சீருடை இல்லாமல் வந்தவர் என்றால் அவருடைய அதிகார அட்டையைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்கலாம். இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவர்களும் நீல அட்டை வைத்திருப்பார்கள். அதற்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு மஞ்சள். சேமப் படையினருக்கு வெள்ளை. சிவப்பு அட்டை என்றால் அவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டவர். அவருக்கு அதிகாரம் இல்லை. பெயரையும் எண்ணையும் ரோந்துக் காரின் நம்பரையும் மனதில் வைத்துக்கொள்ளலாம், பிறகு எழுதிக்கொள்ளலாம்.

பிறகு தாள்களை நீட்டுங்கள். ஆணையத்தின் அனுமதிக் கடிதம், நில உரிமையாளர் அல்லது தோட்ட நிர்வாகத்தின் கடிதம், கோயில் நிர்வாகத்தின் கடிதம், சிரிம் முத்திரையின் படம், கருவி வாங்கிய ரசீது. கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் போதாது. கைப்பேசியே டிரோனின் திரையாக இருக்கும்; அதைப் போலீஸிடம் நீட்டிவிட்டு நாம் என்ன செய்வது? அச்சடித்த நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

அனுமதி இல்லாத நிலையில் மாட்டிக்கொண்டால், "எல்லாரும்தான் பறக்கவிடுகிறார்கள்" என்ற வாதத்தை விட்டுவிடுவது நல்லது. அதை அவர் ஆயிரம் தடவை கேட்டிருப்பார். டிரோனை மடித்துப் பையில் வைத்துவிட்டு, இனி அனுமதியோடு வருகிறேன் என்று சொன்னால் அறிவுரையோடு விட்டுவிடும் போலீஸ்காரர்களும் உண்டு. நாம் தடுத்தாலோ தள்ளினாலோ அது வேறு குற்றமாகிவிடும். அரசாங்க ஊழியரின் கடமைக்கு இடையூறு செய்வது தண்டனைச் சட்டத்தின் 186ஆம் பிரிவில் வருகிறது. இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும். டிரோன் வழக்கு நிற்காமல் போனாலும் இது நின்றுவிடும். குரலை உயர்த்தும் அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர் கோபத்தின் விலையைப் பையன் கொடுக்கிறான். "காப்பிக் காசு" கொடுத்து முடிக்கலாம் என்று யாராவது காதைக் கடித்தால் அதையும் கேட்க வேண்டாம். லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான்.

பாலாய்க்கு அழைத்துப் போனால்

"நான் கைது செய்யப்படுகிறேனா?" என்று கேட்கலாம். இது முரட்டுக் கேள்வி அல்ல. கைது இல்லை என்றால், வாக்குமூலம் கொடுக்க வரச் சொல்கிறார்கள் என்று பொருள். கைது என்றால் அதன் காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பது அரசியலமைப்பின் 5ஆவது விதி தரும் உரிமை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைத் தொடர்புகொள்ளவும் இடம் தருகிறது. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைந்த சிறைத் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மாஜிஸ்திரேட் முதலில் 4 நாளும், மறுபடி கேட்டால் மேலும் 3 நாளும் தடுப்புக் காவல் தரலாம். அதற்கு மேல் முடியாது.

பண வசதி இல்லாத குடும்பங்கள் இந்த நேரத்தில் திகைத்துப் போகின்றன. ஒய்பிஜிகே எனப்படும் தேசிய சட்ட உதவி அறக்கட்டளை, கைதாகும் மலேசியக் குடிமக்களுக்கு வழக்கறிஞர் உதவி தருகிறது. தடுப்புக் காவல் மனு வரும் நேரத்திலேயே அந்த வழக்கறிஞர் நீதிமன்றத்தில் இருப்பார். கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

112ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் எடுப்பார்கள். தெரிந்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும். தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்க அதே பிரிவு இடம் தருகிறது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லி, புரியாத மொழியில் இருந்தால் விளக்கம் கேட்டு, தவறைத் திருத்திய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்ற அவசரத்தில் படிக்காமல் போடும் கையெழுத்து பின்னால் நிறையப் பேரை அழவைத்திருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர், தோட்டத்துக் காவலர்

எல்லா மோதலும் போலீஸோடு தொடங்குவதில்லை. தோட்டம் தனியார் நிலம். அங்கே பறக்கவிட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். வாயிலில் நிற்கும் காவலர் வெளியே போகச் சொன்னால் போய்விட வேண்டும். ஆனால் அவர் போலீஸ் அல்ல. கருவியைப் பறித்துக்கொண்டு போக அவருக்கு உரிமை இல்லை. அப்படிச் செய்தால் சண்டை போடாமல் பாலாயில் புகார் கொடுப்பதே சரி. டிரோனைக் கல்லெறிந்தோ காற்றுத் துப்பாக்கியாலோ வீழ்த்துகிறவருக்கும் இதே கதைதான். அது இன்னொருவர் பொருள், சேதப்படுத்துவது குற்றம்.

பெண்கள் துணி உலர்த்தும் இடம், குளிக்கும் இடம், வீட்டு ஜன்னல் ஆகியவற்றின் அருகில் டிரோன் நின்றுகொண்டிருந்தால், விமான விதி ஒரு பக்கம் இருக்க, தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு குறுக்கே வரும். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவளுடைய தனிமைக்குள் நுழைவது அதில் குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. நோக்கம் அப்படி இல்லை என்று பையன் பிறகு நிரூபிக்கலாம். ஆனால் லயத்தில் அந்தப் பேச்சு எவ்வளவு காலம் நிற்கும் என்பது நமக்கெல்லாம் தெரியும். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேண்டுமென்றால் படத்தையும் காட்டிவிட்டால் அழைப்பே போகாது.

போலீஸ் ஏன் இவ்வளவு உஷாராக இருக்கிறது?

2018 டிசம்பரில் லண்டனுக்கு அருகிலுள்ள காட்விக் விமான நிலையத்தில் டிரோன் தென்பட்டதாக வந்த தகவலால் ஏறக்குறைய 1,000 விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. 140,000 பயணிகள் கிறிஸ்துமஸ் நேரத்தில் தவித்தார்கள். அடுத்த ஆண்டு ஜூன் 18 இரவிலும் 19 காலையிலும் சிங்கப்பூர் சாங்கியில் 37 விமானங்கள் தாமதமாயின. 24ஆம் தேதி மறுபடியும் டிரோன் தெரிந்து, மோசமான வானிலையும் சேர்ந்து, 18 விமானங்கள் தாமதமாகி 7 விமானங்கள் வேறு இடத்துக்குத் திருப்பப்பட்டன. இதற்குப் பிறகு உலகம் முழுவதும் போலீஸுக்கு டிரோன் என்ற சொல்லே எச்சரிக்கை மணி ஆகிவிட்டது.

அதே காட்விக் சம்பவத்தில் நடந்த இன்னொன்று குறைவாகவே பேசப்படுகிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊரில், டிரோன், மாதிரி விமானம் ஆகியவற்றில் ஆர்வமுள்ள ஒருவரையும் அவர் மனைவியையும் சசெக்ஸ் போலீஸ் கைது செய்து 36 மணி நேரம் வைத்திருந்தது. அவர்களுக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று விடுவித்தார்கள். அதற்குள் பத்திரிகைகளில் அவர்கள் படம் வந்துவிட்டது. 2020இல் போலீஸ் மன்னிப்புக் கேட்டு, இழப்பீடும் வழக்குச் செலவுமாக 200,000 பவுண்டு கொடுத்தது. காட்விக்கில் பறக்கவிட்டது யார் என்று இன்றுவரை எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. டிரோன் வைத்திருக்கிறான் என்பதற்காகவே ஒருவனைச் சந்தேகிப்பதில் போலீஸும் தவறக்கூடும் என்பதற்கு அது சாட்சி. நாம் எங்கே, எப்போது பறக்கவிட்டோம் என்பதற்குக் கருவியே வைத்திருக்கும் பறப்புப் பதிவை அழிக்காமல் வைத்திருப்பது அப்படிப்பட்ட நேரத்தில் நமக்கே துணை.

பாலம் தாண்டிப் போகிறவர்களுக்கு

ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும் இளைஞர்கள் டிரோனைப் பையில் போட்டுக்கொண்டு போவதுண்டு. அங்கே விதி இன்னும் இறுக்கம். 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைப் பதிவு செய்திருக்க வேண்டும்; 2020 தொடக்கத்தில் வந்த கட்டாயம் இது. கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேலும், விமான நிலையம், விமானப்படைத் தளம் ஆகியவற்றின் 5 கிலோமீட்டருக்குள்ளும் பறக்க அனுமதி வேண்டும். அந்தச் சிறிய தீவில் இந்த 5 கிலோமீட்டர் வட்டங்கள் எவ்வளவு இடத்தை விழுங்கிவிடும் என்று வரைபடத்தைப் பார்த்தால் தெரியும்.

இன்னும் தூரம் போகிறவர்களுக்கு மியன்மார் ஒரு பாடம். 2017இல் துருக்கியத் தொலைக்காட்சிக்காகப் போன ஒரு மலேசியரும் ஒரு சிங்கப்பூரரும், அவர்களுடைய மொழிபெயர்ப்பாளரும் ஓட்டுநரும், தலைநகர் நேபிடோவில் நாடாளுமன்றத்துக்கு அருகே டிரோன் விவகாரத்தில் பிடிபட்டு, 1934ஆம் ஆண்டின் பழைய விமானச் சட்டத்தின் கீழ் இரண்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள். ஓட்டுநருக்கும் அதே தண்டனைதான்.

டிரோனைப் பிடித்து வைத்துக்கொண்டால்

விசாரணைக்காகப் போலீஸ் டிரோனையும் கைப்பேசியையும் நினைவக அட்டையையும் எடுத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது எடுத்தவற்றின் பட்டியலைக் கேளுங்கள். 'செனராய் பொங்கார்' என்று சொன்னால் புரியும். டிரோனின் வரிசை எண், பேட்டரிகள் எத்தனை, அட்டை எத்தனை என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பார்த்து, அதிகாரியின் கையெழுத்தோடு நகல் வாங்கிக்கொள்ள வேண்டும். போலீஸ் புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் படங்கள் அந்த அட்டையிலேயே இருந்தால் வாடிக்கையாளரிடமும் அன்றைக்கே சொல்லிவிடுவது நல்லது.

வழக்கு இல்லை என்று முடிவானால் பொருளைத் திருப்பிக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கேளுங்கள். நகலில் பாலாயின் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராமல் இழுத்தடித்தால், பறிமுதல் செய்த பொருளை என்ன செய்வது என்று மாஜிஸ்திரேட் உத்தரவிடக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 413ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. திரும்பக் கைக்கு வரும்போது பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்துவிட்டு, பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பேட்டரியை அப்படியே மாட்டி ஏற்ற வேண்டாம்.